கல்லூரி ஃபுட்பாலில் இளம் லைன்மேன்கள் தடுமாறினால் எத்தனை நாள் பொறுப்பது?

மகன் படிக்கும் பல்கலைக்கழக அணியில் முதலாண்டு மாணவர் ஒருவர் இடது டேக்கிளாக ஆடுகிறார், வாரத்துக்கு வாரம் அவர் பக்கமாகவே குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) அடி வாங்குகிறார், இன்னும் எவ்வளவு பொறுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவது சீசன் வரை பொறுங்கள். அதற்கு முன்னால் ஒரு அஃபென்ஸ் (பந்தை வைத்துத் தாக்கும் பக்கம்) லைன்மேனைப் பற்றி இறுதித் தீர்ப்பு எழுதுவது பெரும்பாலும் தவறாகத்தான் முடிகிறது. நான் அயோவா மாநிலத்தில் வசிக்கிறேன். இங்கே லைன்மேன்களை வளர்த்தெடுப்பதுதான் ஊர்ப் பெருமை என்பதால், பந்தை விட்டுவிட்டு லைனைப் பார்க்கும் பழக்கம் எனக்கும் வந்துவிட்டது.

அமெரிக்க ஃபுட்பால் அதிகம் பார்க்காதவர்களுக்காக: குவார்ட்டர்பேக்குக்கு முன்னால் அரணாக நிற்கும் ஐந்து பேர் இவர்கள். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். அறுபது முறை சரியாகத் தடுத்தால் அவர்கள் பெயரை யாரும் உச்சரிப்பதில்லை. ஒருமுறை கோட்டைவிட்டால் அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் மூன்று கோணங்களில் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். ரசிகரின் பொறுமை சீக்கிரம் தீர்ந்துபோவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

உடம்பிலிருந்து தொடங்குவோம். பள்ளியை முடித்து வரும் பையனிடம் உயரம் இருக்கும், நீண்ட கை இருக்கும். பலரிடம் எடைகூட இருக்கும். ஆனால் இடுப்பிலும் தொடையிலும் அந்த எடையைத் தாங்கும் வலு இருக்காது. எதிரே நிற்பவரோ நான்கைந்து ஆண்டுகள் எடைப் பயிற்சிக் கூடத்தில் உழைத்த 22, 23 வயது ஆள். பதினெட்டு வயதில் அந்த இடைவெளி பெரிது. அதை ஒரு கோடைக்காலத்தில் நிரப்ப முடியாது. கொழுப்பைக் கூட்டி 140 கிலோவைத் தொடுவது எளிது, அந்த எடையோடு கால் வேகமாக நகர வேண்டுமே! அதற்கு ஆண்டுக் கணக்கில் சாப்பாடும் பயிற்சியும் தேவை. வீரர்களுக்கு அளவில்லாமல் உணவு வழங்கலாம் என்று கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பு விதியைத் தளர்த்தியதே 2014-இல்தான்.

அடுத்தது நுட்பம். பள்ளியில் இவர்தான் களத்திலேயே பெரியவர். சும்மா முன்னால் போய்த் தள்ளினாலே ஜெயித்திருப்பார். பின்னோக்கி நகர்ந்துகொண்டே தடுக்கும் அவசியம் அவருக்கு அதிகம் வந்திருக்காது. கல்லூரியில் பாஸ் தடுப்பு (பந்தை எறியும்வரை குவார்ட்டர்பேக்கைக் காப்பது) என்றால் பின்னோக்கிச் சறுக்கும் காலடிதான் அடிப்படை. முதுகு நிமிர்ந்துவிடக் கூடாது. இரண்டு கையும் எதிரியின் நெஞ்சுக்கு நேரே போய் விழ வேண்டும். கை வெளிப்பக்கமாகப் போய்ச் சட்டையைப் பிடித்தால் ஹோல்டிங், பத்து யார்டு அபராதம். கை அரை நொடி பிந்தினால் எதிரி தாண்டிப் போய்விடுவான்.

மூன்றாவது விஷயம்தான் மிகவும் தாமதமாக வருவது: ஐந்து பேரும் ஒரே மாதிரி யோசிப்பது. எதிரணியில் இருவர் சட்டென்று இடம் மாறிக் குறுக்கே பாய்ந்தால், கார்டும் டேக்கிளும் தங்கள் ஆட்களை அந்த நொடியிலேயே மாற்றிக்கொள்ள வேண்டும். கபடியில் கைகோத்து ரெய்டரை வளைக்கும் சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள், ஒருவர் முந்திவிட்டால் போதும், மொத்தப் பிடியும் அறுந்துபோகும். வெளியூர் மைதானத்தில் கூட்டம் கத்தும்போது குவார்ட்டர்பேக்கின் குரல் கேட்காது. சென்டரின் தலையசைப்பையோ பக்கத்துக் கார்டின் தட்டலையோ வைத்துத்தான் நகர வேண்டும். இதை வகுப்பில் படமாக வரைந்து காட்டலாம். ஆனால் அருகருகே நின்று பல நூறு ஸ்னாப்கள் (பந்து கைமாறி ஆட்டம் தொடங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) ஆடினால்தான் உடம்பில் ஊறும்.

எங்கள் ஊர்க் கதையே இதற்கு நல்ல உதாரணம். 2022-இல் அயோவா பல்கலைக்கழக அணியின் அஃபென்ஸ் ஆட்டத்துக்குச் சராசரியாக 251.6 யார்டுகள்தான் எடுத்தது. நாட்டின் உயர்மட்டப் பிரிவில் உள்ள 131 அணிகளில் 130-ஆவது இடம். லைனைத் திட்டாத ஆள் இல்லை. ஆனால் அந்த லைனில் நின்றவர்கள் யார்? சென்டர் லோகன் ஜோன்ஸ் அந்த வசந்த காலத்தில்தான் டிஃபென்ஸ் லைனிலிருந்து இந்தப் பக்கம் வந்தவர். கானர் கோல்பி 2021-இல், வந்த முதல் ஆண்டிலேயே ஆட இறக்கப்பட்டவர். இடது டேக்கிள் மேசன் ரிச்மனும் அப்போது இளையவர்தான். மூவரும் அப்படியே நீடித்தார்கள். 2024-இல் இதே மூவர் முன்னால் நிற்க, ஓட்டக்காரர் கலெப் ஜான்சன் 1,537 யார்டுகள் ஓடி 21 டச்டவுன் அடித்தார். அந்த ஆண்டு டிம் லெஸ்டர் அஃபென்ஸ் பொறுப்பாளராக வந்ததும் ஒரு காரணம், அதை மறுக்க மாட்டேன். ஆனால் திட்டம் எதுவானாலும் அதைக் களத்தில் நடத்திக் காட்டியது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஊரே கைவிடச் சொன்ன அதே கால்கள்தான். ரிச்மனும் கோல்பியும் 2025 என்எஃப்எல் டிராஃப்டில் (தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வு) தேர்வானார்கள்.

வந்தவுடனே கலக்குபவர்களும் உண்டு. ஒஹையோ ஸ்டேட்டில் ஒர்லாண்டோ பேஸ் 1994-இல் முதலாண்டிலேயே ஆடினார், 1997 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். ஓரிகனின் பெனெய் சூவெல் இரண்டாம் ஆண்டிலேயே, சிறந்த கல்லூரி லைன்மேனுக்கான அவுட்லாண்ட் கோப்பை வாங்கினார். இவர்களை அளவுகோலாக வைத்து மற்றப் பையன்களை அளப்பது அநியாயம்.

உங்கள் அணியின் நிலைமைக்கு மிக அருகில் வருபவர் கேடின் ப்ராக்டர். எங்கள் டெமாய்ன் பையன், 2023-இல் அலபாமாவின் இடது டேக்கிள். சீசனின் தொடக்கத்தில் ஸாக்குக்கு (குவார்ட்டர்பேக் பந்தை எறியும் முன் வீழ்த்தப்படுவது) மேல் ஸாக் விட்டார். பயிற்சியாளர் நிக் சேபன் அவரை அங்கேயே நிறுத்தி வைத்தார். அதே சீசனின் முடிவில் அதே லைனோடு அலபாமா ஜார்ஜியாவை வென்று எஸ்இசி என்ற தன் மண்டல லீக்கின் பட்டம் எடுத்தது. சேபன் ஓய்வு பெற்றதும் ப்ராக்டர் அயோவாவுக்கு மாறினார், சில வாரங்களிலேயே அலபாமாவுக்கே திரும்பினார். எனக்கு வருத்தம்தான்.

இப்படி அணி மாற விரும்பும் வீரர்கள் பெயரைப் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல்தான் இப்போது பொறுமையின் பெரிய எதிரி. 2018-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஒன்று, நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அந்த ஆண்டை ரெட்ஷர்ட் ஆண்டாக (ஆட்டக் கணக்கில் சேராத பயிற்சி ஆண்டாக) வைத்துக்கொள்ளலாம், கல்லூரியில் ஆடுவதற்கான தகுதி ஆண்டுகளில் ஒன்று கழியாது. இது லைன்மேன்களுக்கு வரம். இன்னொன்று போர்ட்டல். இரண்டு ஆண்டு சோறு போட்டு, தூக்கி நிறுத்தி, பழக்கிய பையன் கனியும் நேரத்தில் வேறு அணிக்குப் போய்விடலாம். அதனால் பயிற்சியாளர்களும் ஆயத்த ஆளைத் தேடுகிறார்கள். எனக்கு இது பெரிய இழப்பாகவே படுகிறது.

பொறுமை என்றால் கண்ணை மூடிக்கொள்வது இல்லை. எத்தனை ஸாக் என்று எண்ணாதீர்கள், எப்படி நடந்தது என்று பாருங்கள். எதிரியின் பலத்தில் பின்னால் தள்ளப்பட்டாரா? அது வயதின் குறை, சரியாகிவிடும். ஆளை மாற்றிக்கொள்வதில் குழம்பினாரா? பக்கத்தில் நிற்பவரோடு பழகப் பழகக் குறையும். அக்டோபரில் செய்த அதே கைத் தவறை அடுத்த ஆண்டு அக்டோபரிலும் செய்கிறார் என்றால் லைன் பயிற்சியாளரைத்தான் கேள்வி கேட்க வேண்டும்.

இப்போதைக்கு நான் அந்தப் பையனை வெளியே உட்காரவைக்க மாட்டேன். மூன்றாவது டவுனில் (பத்து யார்டு எடுக்கக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) எட்டு யார்டுக்கு மேல் தேவைப்படும்போது டைட் எண்ட் (லைனின் ஓரத்தில் நின்று தடுக்கவும் பந்து பிடிக்கவும் செய்பவர்) ஒருவரை அவருக்குப் பக்கத்தில் நிறுத்துவேன், அல்லது ஓட்டக்காரரை அந்தப் பக்கம் வரும் எதிரிக்கு ஒரு இடி கொடுத்துவிட்டு வெளியே ஓடச் சொல்வேன். உங்கள் அணி அதைச் செய்கிறதா என்று வரும் சனிக்கிழமை கவனியுங்கள். செய்யவில்லை என்றால் உங்கள் கோபம் அந்தப் பதினெட்டு வயதுப் பையன்மேல் போக வேண்டியதில்லை.