உள்இதழ் அழகாக வருகிறது, ஆனால் ஊழியர்கள் "எதையும் சொல்வதில்லை" என்கிறார்களே?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் சுமார் 600 பேர் வேலை செய்கிறார்கள். மக்கள் தொடர்புப் பிரிவில் நாங்கள் மூவர். மாதம் ஒரு உள்இதழ், வாரம் ஒரு மின்னஞ்சல், காலாண்டுக்கு ஒருமுறை தலைமை அதிகாரியின் உரை எல்லாம் தவறாமல் நடக்கின்றன. ஆனாலும் கருத்துக்கணிப்பில் "எங்களுக்கு எதுவும் தெரிவிப்பதில்லை" என்றே பலர் எழுதியிருக்கிறார்கள். இன்னும் என்ன செய்யலாம்?

பதில்: தயவுசெய்து இன்னொரு இதழைத் தொடங்கிவிடாதீர்கள். நீங்கள் சொன்ன மூன்றுமே மேலிருந்து கீழே வருபவை. ஊழியர் ஒருவர் கேள்வி கேட்டால் அது யாரிடம் போகும், எத்தனை நாளில் பதில் வரும் என்பது பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

டவுன்ஸ், ஹேசன் என்ற இருவர் 1977-இல் வெளியிட்ட வினாத்தாள் ஒன்று, தகவல்தொடர்பில் ஊழியருக்கு இருக்கும் திருப்தியை எட்டுக் கூறுகளாகப் பிரித்து அளக்கிறது. நிறுவனம் பற்றிய செய்தி, அதைச் சொல்லும் ஊடகங்களின் தரம் ஆகியவை அவற்றில் இரண்டு. மேலதிகாரியோடு உள்ள பேச்சுவார்த்தை, தன் வேலையைப் பற்றித் தனக்குக் கிடைக்கும் கருத்து, சக ஊழியர்களோடு நடக்கும் தகவல் பரிமாற்றம் போன்றவை மற்றவற்றில் வருகின்றன. உங்கள் மூவரின் உழைப்பு முழுக்க அந்த இரண்டிலேயே போய்விடுகிறது என்று தோன்றுகிறது.

அடுத்தது, அனுப்பும் செய்தியின் மொழி. "செயல்திறன் மேம்பாட்டின் ஒரு பகுதியாகப் பணிநேர அமைப்பு மறுசீரமைக்கப்படுகிறது" என்று ஒரு சுற்றறிக்கை போகிறது என்று வைத்துக்கொள்வோம். படித்தவருக்கு என்ன தெரிந்தது? தன் ஷிப்ட் மாறுமா, என்றைக்கு மாறும், ஓவர்டைம் குறையுமா, வசதிப்படாவிட்டால் யாரிடம் பேசுவது என்ற நான்கு கேள்விகளும் அப்படியே நிற்கின்றன. மதியச் சாப்பாட்டுக்குள் அவற்றுக்கு வதந்தி பதில் சொல்லிவிடும். அந்த நான்குக்கும் நேரடியான பதிலை முதல் பத்தியிலேயே எழுதுங்கள். முடிவாகாத விஷயம் இருந்தால் "இது இன்னும் முடிவாகவில்லை, இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்" என்று எழுதி, அந்தத் தேதியைக் காப்பாற்றுங்கள்.

சுற்றறிக்கை போவதற்கு முந்தைய நாளே சூப்பர்வைசர்களுக்கும் பிரிவுத் தலைவர்களுக்கும் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். ஊழியர் சந்தேகம் கேட்கப்போவது அவர்களிடம்தான். "எனக்கே இப்பத்தான் தெரியும்" என்று சூப்பர்வைசர் கையை விரித்தால், உங்கள் உள்இதழின் வழவழப்புத் தாளால் ஒன்றும் ஆகாது. வரக்கூடிய கேள்விகளையும் பதில்களையும் ஒரு பக்கத்தில் எழுதி அவர்கள் கையில் கொடுங்கள். இது சலிப்பான வேலைதான், யாரும் விருது தரமாட்டார்கள். ஆனால் உங்கள் மூவரின் நேரத்தில் பாதி இதற்குப் போகலாம் என்பேன்.

கேள்விகளுக்கு ஒரு பதிவேடு வையுங்கள். கேட்டது என்ன, யார் பதில் தரவேண்டும், எப்போது தந்தார் என்பது போதும். "முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான். பத்திரிகைக்குப் போகும் அறிக்கை எதுவானாலும் ஊழியர்களுக்கு முதலில் போகட்டும். பங்குச்சந்தையில் உள்ள நிறுவனமென்றால் விலையைப் பாதிக்கும் தகவலுக்கு விதிகள் உண்டு. அப்போது இரண்டும் ஒரே நேரத்தில் வெளியாகும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. சம்பளம், மேற்பார்வை, நிறுவனக் கொள்கை ஆகியவை சரியில்லாவிட்டால் அதிருப்தி வரும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஸ்பெர்க் 1959-லேயே எழுதிவிட்டார். ஊதியக் குறையை உள்இதழ் தீர்க்காது. அதைத் தீர்க்கச் சொல்லி உங்களிடம் தள்ளினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அப்புறம் அடுத்த கணிப்பு. "தகவல்தொடர்பில் திருப்தியா?" என்ற பொத்தாம்பொதுவான கேள்வியை எடுத்துவிட்டு, "கடைசியாக நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா? யார் சொன்னார்?" என்று கேளுங்கள். நான்கைந்து பேர் மட்டுமே உள்ள பிரிவின் முடிவைத் தனியாக வெளியிட வேண்டாம். எழுதியவர் யார் என்று எளிதில் ஊகித்துவிடுவார்கள், மறுமுறை யாரும் மனம்திறந்து எழுதமாட்டார்கள்.