தூண்டில் போடும் பையனுக்கு ஆராய்ச்சிப் படிப்பு இருக்கிறதா?

அன்புள்ள அம்மா,

வணக்கம். பிளஸ் டூ படிக்கிற மகன் லீவு நாள் முழுக்கக் கண்மாய்க் கரையிலேயே கிடக்கிறான், கேட்டால் ‘இதைத்தான் ஆராய்ச்சி பண்ணப் போறேன்’ என்கிறான், அப்படி ஒரு படிப்பு உண்டா, இல்லை ஏய்க்கிறானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏய்க்கவில்லை. ஆனால் அந்த ஆராய்ச்சி எப்படி இருக்கும் என்று அவனுக்கே முழுசாகத் தெரிந்திருக்காது.

காவிரியில், கர்நாடகப் பகுதியில் கலிபோரே என்று ஒரு தூண்டில் முகாம் இருந்தது. மஹசீர் என்ற பெரிய ஆற்று மீனைப் பிடித்து, எடை பார்த்து, திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், என்ன எடை என்பதெல்லாம் பதிவாகிக்கொண்டே வந்தது. 1998 முதல் 2012 வரையிலான அந்தப் பதிவுகளை இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டர், கேரளத்தைச் சேர்ந்த ராஜீவ் ராகவன் முதலிய ஆய்வாளர்கள் எடுத்து அலசினார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் மீன் கூடியிருந்தது. பிரித்துப் பார்த்தால், கூடியதெல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர். காவிரிக்கே உரிய கூன்முதுகு மஹசீர் அனேகமாகக் காணாமலே போயிருந்தது. அந்த மீனின் அறிவியல் பெயர் டோர் ரெமாதேவி என்று தெளிவானதே 2018இல்தான். அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலிலும் அதே ஆண்டு சேர்ந்தது. நம் நீலகிரி அடிவாரத்து மோயாற்றில் இன்னும் இருக்கிறது.

பொழுதுபோக்காகத் தூண்டில் போட்டவர்கள் எழுதிவைத்த கணக்கு இல்லையென்றால் இந்தச் சரிவு யாருக்கும் தெரிந்திருக்காது. பிற்பாடு, அந்த முகாம் இருந்த வனவிலங்குச் சரணாலயப் பகுதியில் தூண்டிலுக்குத் தடை வந்தது. அந்தக் கணக்கும் அதோடு நின்றது. தடை சரியா தவறா என்பதில் இரண்டு கட்சி உண்டு. எனக்கு, கணக்கு நின்றதுதான் பெரிய நஷ்டமாகப் படுகிறது.

பிடித்து விட்ட மீன் பிழைக்கிறதா என்று பார்ப்பதும் இந்தத் துறையில் ஒரு பெரிய வேலை. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும், இல்லாவிட்டால் அதன் மேலுள்ள வழவழப்பு உரிந்துவிடும். தூண்டில் முள் எங்கே குத்தியிருக்கிறது, உதட்டிலா தொண்டையிலா என்று குறிப்பார்கள். தண்ணீருக்கு வெளியே எத்தனை விநாடி இருந்தது என்று எழுதுவார்கள். அப்புறம் தண்ணீருக்குள்ளேயே மீனை மல்லாக்கப் பிடித்து விடுவார்கள். தானாகப் புரண்டு நிமிர்ந்தால் தெம்பாக இருக்கிறது என்று அர்த்தம். இதையே நாள் முழுக்க, வெயிலில், ஒரு மீன் விடாமல் செய்ய வேண்டும். தம்பிக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். முகம் சுளிக்கிறானா பாருங்கள்.

உங்கள் சிவகங்கைப் பக்கமே ஆராய்ச்சிக்குப் பெரிய களம். அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும்போது ஊரே ஊத்தாவும் கச்சாவுமாகக் கண்மாயில் இறங்குகிறதே, அந்த மீன்பிடித் திருவிழாவைத்தான் சொல்கிறேன். கோடையில் அடியோடு காயும் கண்மாய் என்றால், அன்று விட்டுவைத்த மீனும் எப்படியும் சாகத்தான் போகிறது. ஒரு ஓரத்தில் மடு வற்றாமல் கிடக்கும் கண்மாய் வேறு மாதிரி. அங்கே மிஞ்சும் விராலும் கெளுத்தியும்தான் அடுத்த மழைக்கு விதை. எந்தக் கண்மாயில் எவ்வளவு விட்டுவைப்பது என்ற கேள்விக்கு, ஊர்ப் பெரியவர்களின் அனுபவத்தோடு அளந்து எடுத்த கணக்கும் சேர்ந்தால்தான் பதில் வரும்.

இனி வழி. முதலில் பி.எஃப்.எஸ்சி. என்ற மீன்வள இளநிலைப் பட்டம், 4 வருடம். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கீழ் தூத்துக்குடி, பொன்னேரி, தலைஞாயிறு ஆகிய இடங்களில் கல்லூரிகள் இருக்கின்றன. இயற்பியல், வேதியியலோடு உயிரியலும் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் சேர்க்கை, நீட் வேண்டாம். பிறகு எம்.எஃப்.எஸ்சி. என்ற முதுநிலைப் படிப்பில் மீன்வள மேலாண்மைப் பிரிவு, அதற்கும் மேலே முனைவர் பட்டம். சும்மா பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்துவிட்டு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மீன்வளத் துறைப் பணிகள் பலவற்றுக்கு மீன்வளப் பட்டத்தைத்தான் முதலில் கேட்பார்கள்.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ‘தூண்டில் ஆராய்ச்சியாளர்’ என்று நம் ஊரில் தனிப் பதவி இல்லை. அந்த வேலை பெரும்பாலும் ஒரு ஆராய்ச்சித் திட்டத்துக்குள் இரண்டு மூன்று வருட ஒப்பந்தமாகத்தான் வரும். நிரந்தரம் வேண்டுமென்றால் மாநில மீன்வளத் துறை, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களுக்கான விஞ்ஞானி தேர்வு, கல்லூரி ஆசிரியர் பணி. வங்கிகளின் வேளாண் அலுவலர் தேர்வைக்கூட இந்தப் பட்டத்தோடு எழுதலாம். சோறு போடாத படிப்பு இல்லை. ஆனால் ஆசைப்பட்ட வேலை முப்பது வயதுக்கு முன்னால் கையில் நிற்பது சிரமம், அதுவரை வீடு தாங்குமா என்று நீங்கள் இருவரும் உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும்.

அவனுக்குக் கணக்குப் பாடம் பிடிக்காது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கவலை தருவது அதுதான். கலிபோரே முகாமின் கணக்கைப் பேச வைத்தது புள்ளியியல். அதற்கு இப்போதே பழகட்டும்: ஒரு நோட்டில் தேதி, நேரம், கண்மாய், மீன், நீளம் எழுதச் சொல்லுங்கள். ஒன்றுமே மாட்டாத நாளையும் எழுத வேண்டும், அதுவும் கணக்குதான்.

மே மாதம் தேர்வு முடிவு வந்ததும் பல்கலைக்கழக இணையதளத்தைப் பாருங்கள். கூடவே கால்நடை மருத்துவத்துக்கும் வேளாண்மைக்கும் விண்ணப்பம் போட்டு வையுங்கள். அதற்கு முன்னால் முடிந்தால் தூத்துக்குடிக் கல்லூரியில் அனுமதி வாங்கி, அவனோடு போய் ஆய்வகத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.