சுவிட்சைப் போட்டதும் கண்ணாடி எப்படித் தெளிகிறது?

விடுதிக் குளியலறையில் சுவிட்சைத் தட்டினால் கண்ணாடித் தடுப்பு பால்போல வெளுத்துப்போகிறதே, உள்ளே சாயம் ஏதும் ஓடுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். சாயமும் இல்லை, திரையும் இல்லை. நுவரெலியாவில் ஒரு விடுதியில் மின்வேலை பார்க்கிறேன். இதை என்னிடம் கேட்காத விருந்தினர் குறைவு. என் பதில் எப்போதும் வடையில்தான் தொடங்கும்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் பருப்பு வடையைப் பழைய கொப்பித் தாளில் சுற்றித் தருவார்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் மட்டும் தாள் தெளிந்து, மறுபக்கத்தில் எந்தப் பிள்ளையோ பிழையாகப் போட்ட கணக்குத் தெரியும். தாளில் நாரும் காற்றும் கலந்திருக்கின்றன. ஒரு பொருளுக்குள் நுழையும்போது ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண்: காற்றுக்கு 1, நாருக்கு ஏறக்குறைய 1.5. இரண்டும் பொருந்தாததால் ஒளி சிதறுகிறது, தாள் வெள்ளையாகத் தெரிகிறது. தேங்காய் எண்ணெயின் எண் 1.45. காற்று இருந்த இடத்தில் அது புகுந்ததும் சிதறல் அடங்கிவிடுகிறது.

கண்ணாடியில் எண்ணெயின் வேலையை மின்சாரம் செய்கிறது. இரு கண்ணாடிகளுக்கு நடுவிலுள்ள பிளாஸ்டிக் படலத்தில், ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் திரவப் படிகத் துளிகள் பொதிந்திருக்கும். திரவம்போல ஓடினாலும் மூலக்கூறுகள் ஓரளவு படிகம்போல ஒரே திசை பார்த்து நிற்கும் பொருள் அது. அந்த மூலக்கூறுகள் நிற்கும் திசையைப் பொறுத்து அவற்றின் ஒளிவிலகல் எண் மாறும். மின்சாரம் இல்லாதபோது துளிக்குத் துளி திசை வேறு, ஒளி சிதறும். படலத்தின் இருபுறமும் உள்ள, கண்ணுக்குப் புலப்படாத இந்தியம் தகர ஆக்சைடுப் பூச்சுக்கு மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் கண்ணாடிக்குச் செங்குத்தாக நிமிரும். அப்போது அவற்றின் எண் பிளாஸ்டிக்கின் எண்ணோடு பொருந்திவிடும். இமைப்பதற்குள் முடிந்துவிடுகிற காரியம். கொடுப்பது மாறுமின்னோட்டமாக இருக்கவேண்டும். நேர்மின்னோட்டம் படலத்தைக் கெடுத்துவிடும்.

ஆகவே மின்சாரம் வேண்டியது தெளிவுக்கு, மறைப்புக்கு அல்ல. மின்வெட்டு வந்தால் குளியலறை வெளுத்துத்தான் போகும், கூச்சப்படுபவர்கள் அஞ்சவேண்டாம். வெளுத்தாலும் வெளிச்சம் உள்ளே வரும். இருட்டில் தூங்க விரும்புபவர் கனத்த திரைச்சீலை வாங்குவதே மேல். போயிங் 787 விமானத்தில் ஜன்னல் மெல்ல மெல்ல நீலம் பாரித்து இருள்வது வேறு வகை. அங்கே உண்மையிலேயே நிறம் மாறுகிறது.

ஒரு ஜூலை மாதக் காலையில் விருந்தினர் ஒருவர் அழைத்து, சுவிட்சைப் போட்டும் ஜன்னல் தெளியவில்லை என்று கோபித்துக்கொண்டார். ஏணியோடு போனேன். கண்ணாடி தெளிவாகத்தான் இருந்தது. வெளியே மூடுபனி, நீர்த்துளிக்கு 1.33, காற்றுக்கு 1. "பத்து மணி வரை பொறுங்கள் ஐயா, குதிரைப் பந்தயத் திடல் தெரியும்" என்று சொல்லி, தேநீர் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தேன்.