கவுன்டி வருமானக் கோடு ஏன் இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

டெக்சஸில் பன்னிரண்டாயிரம் பேர் வாழும் ஒரு கவுன்டியின் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற பிரிவு) இடைநிலைக் குடும்ப வருமானம் (எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கினால் நடுவில் நிற்பது) காலப்போக்கில் எப்படி மாறியது என்று வரைபடம் போட்டேன். 2000 சென்சஸிலிருந்து ஒரு புள்ளி, பிறகு 2009 முதல் ஆண்டுதோறும் வரும் ஏ.சி.எஸ். (சென்சஸ் பீரோ ஒரு பகுதி வீடுகளிடம் மட்டும் நடத்தும் அமெரிக்கச் சமூகக் கணக்கெடுப்பு) ஐந்தாண்டு மதிப்பீடுகள். கோடு மெல்ல ஏறிக்கொண்டே போகிறது. 2008 மந்தநிலையின் தடமே இல்லை. அந்த ஊர் தப்பித்துவிட்டதா, நான் போட்டது தப்பா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஊர் தப்பித்ததா என்பதை இந்த வரைபடத்தை வைத்துச் சொல்ல முடியாது. 2005-09 மதிப்பீடு என்பது அறுபது மாதங்களில் கேட்டு வாங்கிய பதில்களை ஒரே குவியலாகக் கொட்டிக் கணித்த எண். மந்தநிலைக்கு முந்தைய நல்ல காலமும் அதற்குள்ளேயே கிடக்கிறது. அடுத்து வரும் 2006-10-இல் நான்கு ஆண்டுகள் அதே ஆண்டுகள். எண் ஏறினால், வெளியே போன 2005-ஐவிட உள்ளே வந்த 2010 மேல் என்பதற்கு அப்பால் அது எதையும் சொல்வதில்லை. அடுத்தடுத்த ஐந்தாண்டு எண்களைக் கோடாக இழுக்கவே கூடாது. ஒன்றோடொன்று மேல்விழாத 2005-09, 2010-14, 2015-19 ஆகியவற்றை மட்டும் தனித்தனிப் புள்ளிகளாக வையுங்கள்.

கோடு ஏறுவதில் விலைவாசிக்கும் பங்குண்டு. ஐந்தாண்டு எண் அந்த ஐந்தில் கடைசி ஆண்டின் டாலரில் தரப்படுகிறது. 2005-09 என்றால் 2009 டாலர். நடு ஆண்டான 2007-இன் டாலர் என்று நினைத்து மாற்றுபவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் ஒரே விலையேற்றத்தை இரண்டு முறை கூட்டுகிறீர்கள். 2000 சென்சஸோ கேட்டது 1999 காலண்டர் ஆண்டின் வருமானத்தை, 1999 டாலரில். நகர்ப்புற நுகர்வோர் விலைக் குறியீடு 1999-இல் 166.6, 2019-இல் 255.7. அதாவது அன்றைய 40,000 டாலர் 2019 கணக்கில் சுமார் 61,400. இதைச் செய்யாமல் இரண்டையும் ஒரே தாளில் வைத்தால் எந்த ஊரும் செழித்ததாகத்தான் தெரியும்.

ஆண்டுவாரியாகப் பார்க்க ஏ.சி.எஸ். ஓராண்டு எண் உங்களுக்குக் கிடைக்காது. 65,000 பேருக்கு மேல் உள்ள இடங்களுக்குத்தான் அது வரும். உங்களுக்கு வேண்டியது சென்சஸ் பீரோவின் எஸ்.ஏ.ஐ.பி.இ. (சிறு பகுதிகளுக்கான வருமான, வறுமை மதிப்பீடுகள்) தொடர். அநேகமாக எல்லாக் கவுன்டிகளுக்கும் ஆண்டுக்கு ஓர் இடைநிலை வருமானம் அதில் உண்டு. ஏ.சி.எஸ். கணக்கெடுப்பின் பதிலோடு வருமான வரிப் பதிவுகள் முதலிய நிர்வாகத் தரவுகளையும் சேர்த்து ஒரு கணித மாதிரியால் கணிக்கிறார்கள். கவுன்டி பெரிதானால் கணக்கெடுப்புக்கு எடை அதிகம், சிறிதானால் கணித மாதிரிக்கு. அதே டெக்சஸின் லவிங் கவுன்டியில் 2020 சென்சஸில் எண்ணப்பட்டவர்கள் 64 பேர். அங்கே கணக்கெடுப்பில் சிக்கும் நாலைந்து வீடுகளை மட்டும் நம்பி இடைநிலை சொல்வது எப்படி? ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். 2005-க்கு முன் இந்தத் தொடர் வேறொரு கணக்கெடுப்பை ஆதாரமாகக் கொண்டிருந்தது. 2004-ஐயும் 2005-ஐயும் கோட்டால் இணைக்காதீர்கள், இடைவெளி விடுங்கள்.

அடுத்தது பிழை எல்லை. ஏ.சி.எஸ். தருவது 90 சதவீத எல்லை, அதாவது உண்மை எண் அதற்குள் இருக்கும் என்று 90 சதவீத நம்பிக்கையோடு சொல்வது. உதாரணத்துக்கு, ஒரு காலத்தில் 48,000 ± 4,500, அடுத்ததில் 53,000 ± 5,200 என்று வைத்துக்கொள்வோம் (இரண்டும் ஒரே ஆண்டு டாலரில்). எல்லைகளை வர்க்கித்துக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால், இரண்டின் வித்தியாசத்துக்கான பிழை எல்லை சுமார் 6,880 வரும். வித்தியாசமோ 5,000தான், அந்த எல்லைக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. ஆகவே வருமானம் ஏறியது என்று எழுத உங்களுக்கு ஆதாரம் இல்லை. பன்னிரண்டாயிரம் பேர் உள்ள ஊரில் இது அடிக்கடி நடக்கும்.

அப்போது பிழை எல்லையைக் குறைக்கப் பலர் பக்கத்துக் கவுன்டியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நல்ல வழிதான், ஆனால் இரண்டு இடைநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது தவறு. வருமானப் படிகள் உள்ள ஏ.சி.எஸ். பி19001 அட்டவணையை எடுத்து, படிவாரியாகக் குடித்தனங்களைக் கூட்டுங்கள். மொத்தம் 4,800 என்றால் 2,400-ஆவது எங்கே விழுகிறது என்று தேடுங்கள். 50,000-க்குக் கீழே 2,220, அடுத்த 50,000-59,999 படியில் 600 இருந்தால், இன்னும் 180 வேண்டும். 180/600 பங்கு 10,000-க்கு 3,000. இடைநிலை சுமார் 53,000.

மேலே குடித்தனம் என்றேன். நீங்கள் எழுதியது குடும்ப வருமானம். தமிழில் இரண்டையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். சென்சஸில் அவை வேறு வேறு அட்டவணைகள். தனியாக வாழும் மூதாட்டியும், ஒரே வீட்டை வாடகைக்குப் பிடித்த மூன்று நண்பர்களும் குடித்தனம்; குடும்பம் அல்ல. குடும்ப இடைநிலை வழக்கமாக மேலே நிற்கும். 2000-க்கு ஒன்றும் 2009-க்கு மற்றொன்றும் எடுத்திருந்தால், இல்லாத ஏற்றமோ இறக்கமோ தெரியும். குடித்தனத்துக்கான அட்டவணை பி19013. முதலில் அதைச் சரிபாருங்கள்.

கவுன்டி எல்லையையும் பாருங்கள். டெக்சஸில் பெரும்பாலும் தொல்லை இல்லை. ஆனால் இதே வேலையை நாடு முழுதுக்கும் நீட்டினால், கொலராடோவின் புரூம்ஃபீல்ட் 2001-இல்தான் நான்கு கவுன்டிகளிலிருந்து பிரிந்து உருவானது. கனெக்டிகட்டில் 2022 முதல் எட்டு கவுன்டிகளுக்குப் பதில் ஒன்பது திட்டமிடல் வட்டாரங்களுக்கு எண்கள் வருகின்றன. பழைய கவுன்டிக் குறியீட்டெண்களை வைத்து அட்டவணைகளை இணைத்தால் அந்த வரிசைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும்.