கையில் காசில்லாமல் பேகன் வழிபாடு: வாசகர் கேள்விகள்

அக்கா, வெள்ளவத்தையில் அறை எடுத்து இருக்கிறேன். பீடத்துக்கான சாமான்களை இணையத்தில் பார்த்தால் என் சம்பளத்தில் பாதி போய்விடும். எதை முதலில் வாங்கட்டும்?

ஒன்றும் வாங்க வேண்டாம், தங்கச்சி. விக்கா என்பது ஒரு புதுக்கால பேகன் நெறி, அதாவது பழைய ஐரோப்பிய இயற்கை வழிபாட்டைத் தழுவியது. அதன் பீடத்துக்கு முக்கியமானவை நிலம், காற்று, நெருப்பு, நீர் என்ற நான்கின் அடையாளங்கள். சிரட்டையில் உப்பு, தேநீர்க் கோப்பையில் தண்ணீர், ஒரு சிட்டி விளக்கு, ஒரு ஊதுபத்தி போதும். ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பழைய பெட்டி மட்டையில் வட்டம் போட்டு நீங்களே வரையலாம். அத்தமே என்கிற கறுப்புப் பிடிக் கத்திதான் விலை கூடியது. ஆனால் விக்காவைப் பரப்பிய கார்ட்னரின் மரபில் அதை எதையும் வெட்டப் பயன்படுத்துவதில்லை, சக்தியைத் திசைப்படுத்தத்தான். அதற்கு உங்கள் சுட்டுவிரலே போதும். அறையில் நெருப்பு மூட்ட விடமாட்டார்கள் என்றால் விளக்குக்குப் பதில் ஒரு செவ்வரத்தம்பூ வையுங்கள். எல்லாமே ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடங்கிவிடும், வீட்டுக்காரர் கண்ணிலும் படாது.

இடத்தைச் சுத்திகரிக்கப் புகைக்கும் வெள்ளை சேஜ் இலைக்கட்டு கட்டாயம் வேண்டுமா?

வேண்டாம். அது கலிபோர்னியாப் பக்கத்துச் செடி. அங்குள்ள பூர்வகுடிகளுக்குப் புனிதமானது, களவாக வெட்டி விற்கிறார்கள். புறக்கோட்டையில் கொஞ்சம் சாம்பிராணி வாங்குங்கள், பல மாதம் வரும்.

பௌர்ணமி வழிபாட்டுக்குக் கொழும்பில் செலவில்லாத இடம் எது? படைக்கும் வைனுக்கு என்ன செய்வது?

உலகத்தில் எத்தனையோ பேகன்கள் பௌர்ணமிக்கு லீவு கேட்டு அலைகிறார்கள். நமக்கு ஒவ்வொரு போயாவும் அரச விடுமுறை! இடம் என்றால் காலிமுகத்திடல்தான். ஒன்றைக் கவனியுங்கள்: மாலையில் கடலைப் பார்த்து நின்றால் நிலா தெரியாது. சூரியன் கடலில் இறங்கும் நேரத்தில் நிலா உங்கள் முதுகுப் பக்கம், கட்டடங்களுக்கு மேலே எழும். கடலுக்கு மேல் பார்க்க ஆசையென்றால் விடியுமுன் போங்கள், மேற்கே இறங்கிக்கொண்டிருக்கும். எனக்கு அந்த நேரம்தான் பிடிக்கும், சனம் குறைவு. அன்று மதுக்கடை பூட்டு, அது நல்லதுதான். இளநீரோ தேசிக்காய்த் தண்ணியோ கிண்ணத்தில் ஊற்றிக்கொள்ளுங்கள். விக்கா வணங்கும் தேவிக்கு முதல் வாய் நிலத்தில் ஊற்றிவிட்டு மிச்சத்தைக் குடியுங்கள். மழைக்காலமா? யன்னலே போதும்.

ஆண்டின் எட்டுப் பேகன் திருநாட்களுக்கும் அலங்காரம் செய்யக் கட்டுப்படியாகவில்லை. பனியே இல்லாத ஊரில் யூல் எதற்கு?

நியாயமான கேள்வி. யூல் வடக்கே நீண்ட இரவில் சூரியன் திரும்புவதைக் கொண்டாடும் நாள். கொழும்பில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஒரு மணித்தியாலம்கூட வித்தியாசமில்லை. தெற்கு அரைக்கோளத்தில் பலர் நாட்காட்டியையே ஆறு மாதம் திருப்பிப் போட்டுக்கொள்கிறார்கள். நீங்களும் இங்குள்ள வானத்தைப் பாருங்கள். ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டம்பர் தொடக்கத்திலும் நடுப்பகலில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும், நிழல் காலடிக்குள் ஒடுங்கிவிடும். எனக்கு அதைவிடப் பெரிய சூரியத் திருநாள் இல்லை. கோடையை வரவேற்கும் பெல்டேன் மே 1, அன்றும் விடுமுறை. ஒக்டோபர் 31, இறந்தோரை நினைக்கும் சௌவினுக்குப் பூசணிக்காய் வாங்கினால் குடைந்தெடுத்த சதையைக் கறி வையுங்கள்.

ஒருவர் பணம் கட்டினால் விக்கா தீட்சை தருவதாகச் சொல்கிறார். தவணையிலும் கட்டலாமாம்.

கட்டாதீர்கள். விக்காவை 1950களில் வெளியுலகுக்குக் கொண்டுவந்த ஜெரால்ட் கார்ட்னர், 1900இல் இலங்கைக்கு வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பழகியவர். அவர் வழிவந்த மரபில் தீட்சைக்குக் காசு வாங்கக் கூடாது என்பது கண்டிப்பான வழக்கம். தனியாகச் செய்பவர்களுக்குத் தீட்சையே கட்டாயமில்லை. கூடிச் செய்பவர்கள் எண்ணெய், பூ, சாப்பாட்டுச் செலவைப் பிரித்துக்கொள்வது வேறு விஷயம், அதில் தப்பில்லை. கணக்கை எல்லோர் முன்னாலும் வைக்கச் சொல்லுங்கள்.