ஹொக்கைடோ தூள்பனியில் ஸ்னோமொபைல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜப்பானின் வடக்கே ஹொக்கைடோ தீவில், சப்போரோ நகரத்தில் 2 வருடமாக வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் மூன்று பேர் பிப்ரவரியில் மலைக்கு ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்டப் போகிறார்கள். என்னையும் கூப்பிடுகிறார்கள். வண்டி, பீக்கன் (பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உடம்பில் கட்டிக்கொள்ளும் ரேடியோக் கருவி) எல்லாம் அவர்களே தருகிறார்களாம். நான் இதுவரை சுற்றுலாக்காரர்களுக்காக அழுத்திவைத்த பாதையில் ஒரு மணி நேரம் ஓட்டியதுதான். "பின்னாலேயே வா, போதும்" என்கிறார்கள். போகலாமா?

கார்த்திக், சப்போரோ

அன்புள்ள கார்த்திக்,

போகலாம். ஆனால் "பின்னாலேயே வா" என்பது போதாது. மூவரில் ஒருவர் பனிச்சரிவில் புதைந்தால் தோண்டி எடுக்கும் கைகளில் இரண்டு உங்களுடையவை. முதல் 10 நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதன்பிறகு மூச்சு முட்டி அது மளமளவென்று குறையும். மீட்புப் படை அதற்குள் வந்து சேராது. நீங்கள் கட்டிக்கொள்ளும் பீக்கன் உங்களைக் காப்பாற்ற. அதை வைத்துத் தேடத் தெரிந்திருப்பதுதான் அவர்களுக்கு உதவும்.

ஆகவே முன்னதாக ஒரு சனிக்கிழமை, பனி மூடிய பூங்காவில் அவர்களில் ஒருவரிடம் இன்னொரு பீக்கனைப் பையில் சுற்றிப் புதைக்கச் சொல்லுங்கள். உங்களுடையதைத் தேடும் நிலைக்கு மாற்றி அம்புக்குறி காட்டும் வழியே போங்கள். திரையில் தூரம் காட்டும் எண் 3 மீட்டருக்குக் கீழே வந்ததும் குனிந்து, பீக்கனைப் பனியை ஒட்டிப் பிடித்து, திருப்பாமல், மெதுவாக முன்பின்னும் இடவலமும் நகர்த்துங்கள். மிகக் குறைந்த எண் காட்டும் இடத்தில் புரோப் கம்பியை (பனிக்குள் குத்தித் தேடும் நீளக் கம்பி) சரிவுக்குச் செங்குத்தாக இறக்குங்கள். தட்டவில்லையென்றால் 25 செ.மீ. இடைவெளியில் சுருள்போலச் சுற்றிக் குத்தவேண்டும். தட்டுப்பட்டதும் கம்பியை உருவக்கூடாது. சரிவின் கீழ்ப்பக்கம், புதைந்த ஆழத்தைப்போல் ஒன்றரை மடங்கு தள்ளி நின்று, அதை நோக்கித் தோண்டவேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் உள்ளே இருப்பவர் முகத்துக்கு முன்னால் இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றையும் மிதித்து அடைத்துவிடுவீர்கள்.

தேடும்போது கைப்பேசி பீக்கனிலிருந்து அரை மீட்டராவது தள்ளி இருக்கட்டும். வண்டிகளின் இன்ஜினையும் அணைத்துவிடவேண்டும். மண்வாரி, 3 மீட்டர் புரோப் இரண்டும் உங்கள் முதுகுப்பையில்தான் இருக்கவேண்டும். வண்டியில் கட்டிவைத்தால் வண்டி புதையும்போது அவையும் போய்விடும்.

இனி வண்டி. யமாஹா ஜப்பானில் 2022 மாடலோடு ஸ்னோமொபைல் விற்பதை நிறுத்திவிட்டது. நண்பர்களிடம் இருப்பது பெரும்பாலும் ஸ்கீ-டூ அல்லது போலாரிஸாக இருக்கும், அதாவது உதிரி பாகம் கடல்கடந்து வரவேண்டும். இன்ஜின் விசையைக் கடத்தும் பெல்ட்டுக்கு மாற்று ஒன்று வண்டியில் இருக்கிறதா என்று கேளுங்கள். மலை வண்டியின் 850 சிசி 2-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஜப்பானின் ரெகுலர் பெட்ரோல் போதாது, 'ஹைஒக்கு' எனப்படும் உயர் ஆக்டேன் பெட்ரோல் போடவேண்டும். கேனில் வாங்குவதென்றால் அங்கீகார முத்திரையுள்ள கேன் வேண்டும், அடையாள அட்டையும் கேட்பார்கள். சுயசேவை பங்கில் கேனில் நீங்களே நிரப்ப முடியாது, ஊழியர்தான் நிரப்புவார்.

ட்ராக் (வண்டியை உந்தும் அடிப்பட்டை) வாரி இறைக்கும் பனிதான் இன்ஜின் சூட்டைத் தணிக்கிறது. இறுகிப்போன காட்டுப்பாதையில் பனி பறக்காது, வெப்பநிலை விளக்கு எரியும். அங்கே பனி கீறும் கம்பிகளை இறக்கிவிடுங்கள், அல்லது ஓரத்துத் தளர்பனியில் கொஞ்சம் ஓட்டுங்கள்.

தூள்பனியில் புதுசாக வருபவர் கட்டாயம் மாட்டிக்கொள்வார். அதில் வெட்கமில்லை. மாட்டியதும் த்ராட்டிலை (ஆக்ஸிலரேட்டரை) அழுத்துவதுதான் தப்பு. ட்ராக் தனக்குத் தானே குழி தோண்டி வால்பக்கம் இறங்கிவிடும், பெல்ட்டும் சூடேறும். இன்ஜினை அணைத்து இறங்குங்கள். கால்பலகைகளின் மேலே இருக்கும் பனியையும் பின்மறைப்பில் சேர்ந்ததையும் அள்ளி எறியுங்கள். ஸ்கீக்கு (வண்டியின் முன்புறச் சறுக்குப் பலகை) முன்னால் இரண்டு வண்டி நீளத்துக்கு மிதித்து அழுத்துங்கள். வண்டி ரொம்ப இறங்கியிருந்தால் பக்கவாட்டில் சாய்த்துக் குழியைப் பனியால் நிரப்பி, மிதித்து, திரும்ப நிமிர்த்துங்கள். ஒருவர் பக்கத்தில் நின்று ஸ்கீ வளையத்தை இழுக்க, ஓட்டுபவர் மெல்ல, விடாமல் த்ராட்டில் கொடுத்தால் எழும்பிவிடும். 200 கிலோவைத் தாண்டும் வண்டி. முதுகை வளைத்துத் தூக்காதீர்கள். நிறுத்தும்போதே மூக்கு இறக்கத்தைப் பார்த்து இருக்கட்டும், பிரேக்கை இறுக்காமல் தானாக நிற்க விடுங்கள். அப்படி நிறுத்தினாலே பாதித் தொல்லை தீர்ந்தது.

சரிவில் ஒருவர் மாட்டினால், உதவுகிறேன் என்று இன்னொருவர் அங்கே ஏறக்கூடாது. சரிவில் எப்போதும் ஒரே ஒரு வண்டி. மற்றவர்கள் பனி சரிந்தாலும் எட்டாத இடத்தில், இறங்கும் திசை பார்த்து நிற்கவேண்டும். ஹொக்கைடோவில் இன்னொரு ஆபத்து, பனிக்கடியில் படுத்திருக்கும் சசா மூங்கில்புல். வழுக்கும் அந்த இலைமேல் பனி பிடித்து நிற்காமல், தரையோடு மொத்தமாக நழுவும். சரிவில் வாய்பிளந்த மாதிரி விரிசல் தெரிந்தால் அதன் கீழே போகவே கூடாது. ஊசியிலை மரத்தின் அடியை ஒட்டியும் ஓட்டாதீர்கள். கிளைக்குக் கீழே பனி தளர்ந்து பள்ளமாக இருக்கும், தலைகீழாக விழுந்தால் தனியாக எழுந்திருப்பது கஷ்டம்.

வாக்கிடாக்கியை அமெரிக்காவிலிருந்து வரவழைக்காதீர்கள், அந்த அலைவரிசைகளுக்கு ஜப்பானில் அனுமதி இல்லை. நண்பர்களுடையதையே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். 'தொமாரே' என்றால் நில், 'அபுனாய்' என்றால் ஆபத்து, 'நதாரே' என்றால் பனிச்சரிவு. அலுவலகத்தில் 'தைஜோபு' என்றால் 'பரவாயில்லை, வேண்டாம்' என்றும் பொருள் வரும் அல்லவா? மலையில் உதவி வேண்டுமா என்று கேட்டால் அந்தச் சொல்லைத் தொடாமல் ஆம், இல்லை என்று மட்டும் சொல்லுங்கள்.