நாருக்குக் கூலி

அம்மா, வணக்கம்.

நான் கோவையில் ஆடை வடிவமைப்பு இறுதியாண்டு படிக்கிறேன். திட்டப்பணிக்காக அன்னாசித் தோல், கள்ளித் தோல், காளான் தோல், வாழைநார் ஆகிய தாவரப் பொருட்களை ஒப்பிட்டுப் பார்த்து, கடைசியில் வாழைநாரில் ஒரு கைப்பையும் மேற்சட்டையும் செய்திருக்கிறேன். படங்களையும் செலவுப் பட்டியலையும் இணைத்துள்ளேன். வாழைநார் கண்காட்சிக் கடைகளுக்குத்தான் சரிப்படும், வெளிநாட்டுச் சந்தையில் எடுபடாது என்கிறார் என் வழிகாட்டி. இவற்றுக்கு எதிர்காலம் உண்டா? எதை நம்பித் தொழில் தொடங்கலாம்?

வி., கோவை

அன்புள்ள வி.,

உங்கள் பையின் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாரின் வைக்கோல் நிறத்தைச் சாயமேற்றி மறைக்காமல் விட்டதும், மடிப்பு விழும் இடங்களில் பருத்தியைக் கொடுத்து நார் முறியாமல் காத்ததும் பொருளை மதிக்கத் தெரிந்தவரின் வேலை. ஜப்பானின் ஒக்கினாவாத் தீவில் நடக்கும் வாழைநார் நெசவைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்ததால், மற்றக் கடிதங்களை ஒதுக்கிவிட்டு இதற்கு எழுதுகிறேன்.

காளான் தாவரமே அல்ல. அதைத் தாவரப் பொருள் என்று திட்டப்பணியில் எழுதியிருப்பதை முதலில் நீக்கிவிடுங்கள். காளான் இழையிலிருந்து செய்யப்பட்ட மைலோ என்ற பொருளுக்குப் பெரிய ஆடை நிறுவனங்கள் பல ஆதரவு தந்தும் 2023-இல் அதன் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். மெக்சிகோக்காரர்கள் உருவாக்கி 2019-இல் அறிமுகப்படுத்திய கள்ளித் தோலில் கள்ளியோடு பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கும் சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டுச் சந்தை எதை விரும்பும் என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை. சந்தை இந்த ஆண்டு விரும்பியதை அடுத்த ஆண்டு மறந்துவிடும்.

நான் பேச விரும்புவது உங்கள் செலவுப் பட்டியலைப் பற்றி. ஜிப்புக்கு விலை போட்டிருக்கிறீர்கள், உள்துணிக்குப் போட்டிருக்கிறீர்கள், புகைப்படம் எடுத்தவருக்குக் கொடுத்ததைக்கூட விடாமல் எழுதியிருக்கிறீர்கள். வாழைநார் என்ற வரிக்கு எதிரே மட்டும் "விவசாயக் கழிவு, செலவு இல்லை" என்று இருக்கிறது. அந்த வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, வி. அது உங்களுக்குக் கற்றுத்தரப்பட்ட வரி என்பது தெரிந்தும் கோபம் வந்தது.

முசிறிப் பக்கம் என் பெரியம்மா பூக்காரர்களுக்கு நார் கிழித்துக் கொடுத்துக் குடும்பம் நடத்தியவர். தார் வெட்டிய மரத்தின் மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, வெளிமட்டையை ஒதுக்கி, உள்மட்டையைப் பதமாக வாட வைத்து, நுனியில் கட்டைவிரல் நகத்தால் ஒரு கீறல் போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு ஒரே இழுப்பில் அடிவரை கிழித்து வருவார். நடுவில் இழுப்பு நின்றால் நார் அங்கே மெலிந்து அறுந்துபோகும். அதிகம் காய்ந்துவிட்டாலும் முறியும் என்பதால் ஈரச் சாக்கில் சுற்றி வைப்பார். வாழைக்கறை படிந்த அவருடைய விரல்கள் பழுப்பாகவே இருந்தன. கல்யாண வீட்டுக்குப் போகும்போது கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். கட்டுக்கணக்கில் நார் வாங்க வந்த வியாபாரி விலையைக் குறைக்க ஒரே வாதத்தைத்தான் வைத்திருந்தார்: "மட்டை சும்மா கிடைக்கிறதுதானே, அம்மா." மட்டை சும்மா கிடைத்ததனால் பெரியம்மாவின் கையும் சும்மா கிடைத்ததாகிவிட்டது. உங்கள் பட்டியலில் நான் படித்தது அந்த வியாபாரியின் வாக்கியம்.

முதலில், அந்த மட்டை கழிவே அல்ல. தார் வெட்டிய மரத்தை உடனே சாய்க்காமல் விட்டால், அதன் சத்து பக்கக்கன்றுக்கு இறங்கும் என்று மறுதாம்பு விடும் விவசாயிக்குத் தெரியும். வெட்டிப் போட்டால் சாம்பல் சத்து நிறைந்த உரமாக மண்ணுக்குத் திரும்பும். தண்டு சமையலுக்கு, மட்டை மாட்டுக்கு. நீங்கள் அதை எடுத்துச் செல்லும்போது வயலிலிருந்து ஒன்றை எடுக்கிறீர்கள் என்ற உணர்வு வேண்டும்.

இரண்டாவது, மட்டை நூலாக மாறுவதற்கு நடுவில் ஒரு மனித உடல் இருக்கிறது. பருத்தி இழை குட்டையானது, ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், அதனால் ஆலையில் நூற்கலாம். விறைப்பான, நீளமான வாழைநார் அந்த இயந்திரத்துக்கு அப்படியே அடங்காது. இரசாயனத்தில் ஊறவைத்துக் குட்டையாக நறுக்கினால்தான் அடங்கும். அப்படிச் செய்யாவிட்டால், ஒரு நாரின் முனையையும் அடுத்த நாரின் முனையையும் சேர்த்து ஒருவர் கையால் முடிச்சுப் போட வேண்டும். ஒக்கினாவாவின் கிஜோக்கா கிராமத்தில் இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள். நாருக்காகவே வளர்க்கப்படும் வாழை அங்கே முதிர்வதற்கு ஏறக்குறைய 3 ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கிமோனோவுக்கான துணிக்குச் சுமார் 200 மரங்கள் வேண்டும். மட்டைகளைத் தரம் பிரித்து, சாம்பல் நீரில் வேகவைத்து, மூங்கில் இடுக்கியால் வழித்து, கிடைத்த நாரை மயிரிழை போலப் பிரித்து, முனைக்கு முனை முடிந்துகொண்டே போகிறார்கள். காற்றில் ஈரம் குறைந்தால் நூல் அறுந்துவிடும் என்பதால் மழைக்காலமே தறிக்கு உகந்த காலம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கொசு பெருகி மலேரியா பரவும் என்று அமெரிக்கப் படையினர் அங்கிருந்த நார்வாழைகளை வெட்டிவிட்டார்கள். தைரா தொஷிக்கோ என்ற பெண்மணி, ஊரில் கணவனை இழந்தவர்களையும் முதியவர்களையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் அந்த நெசவைத் தொடங்கினார். 1974-இல் ஜப்பான் அரசு அதைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2000-இல் அவருக்கு நாட்டின் மிக உயர்ந்த கைவினைத் தகுதி கிடைத்தது. 2022-இல் 101-ஆம் வயதில் காலமானார். அந்தத் துணியின் விலையைக் கேட்டால் நீங்கள் திகைப்பீர்கள். முடிச்சுப் போட்ட கைக்கும் அந்த விலையில் பங்கு இருக்கிறது என்பதே காரணம்.

இப்போது உங்கள் அன்னாசித் தோலுக்கு வருகிறேன். தோல் தொழிலில் ஆலோசகராக இருந்த கார்மென் இஹோசா 1990-களில் பிலிப்பைன்சுக்குச் சென்றபோது, அங்கு அன்னாசி இலை நாரில் நெய்யப்பட்ட மேலாடைகள் அவரைக் கவர்ந்தன. அவை அக்லான் மாகாணத்துப் பெண்கள் உடைந்த பீங்கான் தட்டால் இலையை வழித்து, நாரை முடிந்து நெய்கிற வகைத் துணி. 2023-இல் யுனெஸ்கோ அந்த நெசவைத் தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் இஹோசா உருவாக்கிய பினாடெக்ஸ் என்ற அன்னாசித் தோலில் முடிச்சும் இல்லை, தறியும் இல்லை. நாரைக் கம்பளம் போல அழுத்தி, பாலிலாக்டிக் அமிலம் என்ற தாவர வழிப் பிளாஸ்டிக்கால் பிணைத்து, மேலே பிசின் பூசுகிறார்கள். அவருடைய நோக்கத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நடந்ததைப் பாருங்கள்: முடிச்சுப் போடும் கையை எடுத்த இடத்தில் பிசின் வந்து உட்கார்ந்துவிட்டது. நாரையும் பூச்சையும் பிறகு யாராலும் பிரிக்க முடியாது. அது மண்ணுக்கும் போகாது, மறுசுழற்சிக்கும் போகாது. கைக்குக் கூலி கொடுக்க மனமில்லாத தொழில் ஒவ்வொன்றும் இந்த வழியில்தான் போய்ச் சேரும். நாருக்குச் செலவு இல்லை என்று எழுதும் மாணவியும் நாளை தொழில் தொடங்கும்போது, முடிச்சுப் போட ஆள் கிடைக்கவில்லை என்று சொல்லிப் பிசின் வாங்கத்தான் போவார்.

சென்னைக்குப் பக்கத்தில் அனகாபுத்தூரில் நெசவாளர்கள் ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கட்டம் போட்ட துணியை ஏராளமாக நெய்து அனுப்பினார்கள். அந்த ஏற்றுமதி தளர்ந்த பிறகு வாழைநார் முதலிய இயற்கை இழைகளில் புடவை நெய்யும் வேலையும் அங்கே நடந்து வருகிறது. விடுமுறையில் அங்கே போங்கள். திருச்சியில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையத்துக்கும் போய், எந்த இரகத்தின் நார் எதற்கு உதவும் என்று கேளுங்கள். நார் முடிகிற ஒருவரின் பக்கத்தில் ஒரு பகல் முழுவதும் உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் எத்தனை மீட்டர் நீள்கிறது என்று அளந்து, தையல்காரருக்குக் கொடுத்த அதே கூலிக் கணக்கில் அவருக்கும் போட்டுப் பாருங்கள். பையின் விலை யாரும் வாங்க முடியாத அளவுக்கு ஏறினால், பையை விட்டுவிட்டு, மேற்சட்டையின் கழுத்துப் பட்டைக்கு மட்டும் நாரை வைத்துக்கொண்டு மீதியைப் பருத்தியில் தைக்கலாம். அப்படித் திருத்திய பட்டியலை வழிகாட்டியிடம் கொடுப்பதற்கு முன் எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.